மீட்டர்க்காரர் சாப்பிடும் நேரம்

பென்சிலின் பின்பக்கத்தால் தண்ணீர் மீட்டர் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எலாடியோ எண்ணைக் குறிப்பார். ஏன் என்று கேட்டால், "தூங்கிட்டு இருப்பான், எழுப்பிட்டுத்தான் கேக்கணும்" என்பார். வயது ஐம்பத்திரண்டு. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் அவர் நுழையாத கொல்லை இல்லை, அவரைத் துரத்தாத நாயும் இல்லை.

எங்கள் ஊரில் சாப்பிடுகிறவர் கண்ணில் யார் பட்டாலும் கூப்பிட்டாக வேண்டும். "மனோங், வாங்கண்ணே, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று வீட்டுக்கு வீடு குரல் வரும். "வயிறு நெறஞ்சிருக்கும்மா, நீங்க சாப்பிடுங்க" என்று நகர்ந்துவிடுவார். நாளைக்கு நாற்பது முறை சொல்லும் பொய். அந்த வயிறு மத்தியானம் வரை காலிதான்.

ஒன்பது வருடமாக அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். சாப்பாடும் அவர்களோடுதான். மனைவி மிலாக்ரோஸ் பள்ளிச் சீருடை தைக்கிறார். ஒரே மகள் துபாய்க்கு வேலைக்குப் போனதோடு வீட்டில் பேச்சும் போய்விட்டது. சண்டை என்றாலாவது விலக்கிவிடலாம். "உப்பு" என்பார் ஒருவர், மற்றவர் நகர்த்துவார். அன்றைய பேச்சு முடிந்தது.

"ஊர்ல எல்லா மீட்டரும் ஓடுது. நான்தான் நின்னுட்டேன்" என்று எலாடியோ ஒருநாள் என்னிடம் சொன்னார். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? பக்கத்து அறையில்தான் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நடுவில் யாராவது வெளியே கிளம்பினால், உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர்வார் என்பது இங்கே நம்பிக்கை. காலையில் கணவர் செருப்பை மாட்டும்போதெல்லாம் மிலாக்ரோஸ் தட்டைச் சுற்றுவார். போன ஜூனில் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் எலாடியோ அதைக் கவனித்தார். "மறந்துட்டா போல" என்றார். மறக்கிற ஆளா அந்த அம்மாள்? எனக்கு எரிச்சலாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் பூண்டுச்சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மிலாக்ரோஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

"பக்கோலோட்டுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல."

எங்கள் இருவருக்கும் ஒரு வாரமாகத் தெரிந்த செய்திதான். ஆனாலும் அந்த அம்மாள் பெட்டியைக் கீழே வைத்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். போகாதே என்ற ஒரு சொல்லுக்காக நிற்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

எலாடியோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "படகு எத்தன மணிக்கு?"

"பத்துக்கு."

"சாப்பிட்டுப் போயேன்."

"வயிறு நெறஞ்சிருக்கு. நீங்க சாப்பிடுங்க."

அந்தப் பதில் பொய் என்று எலாடியோவைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் யாரும் இல்லை. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். மனிதர் எழுந்திருக்கவில்லை.

மிலாக்ரோஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கினார். எலாடியோ இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்து, சோறு சிந்தாமல், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு சுற்றுப் போதும். வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார்.