யாரும் திருடாத மழை

எங்கள் விளையாட்டை ரஷ்யாவில் திருடிவிட்டார்கள் என்று முதலாளிக்குக் கோபம். எனக்கும் கோபம்தான், ஆனால் என்னுடையதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் திருடினார்களே என்று.

டவுன்டவுனில் கணினி விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்னக் கம்பனியின் ஒலிப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு மேசைகள், நானும் ஒரு ரஷ்யப் பெண்ணும். கடைசியாக வந்த விளையாட்டில் ஒரு தபால்காரி மலையூர் ஒன்றில் வீடு வீடாக நடந்து கடிதம் கொடுப்பாள். அடிதடி இல்லை, துவக்கு இல்லை, நடைதான் விளையாட்டே. அந்த நடைச் சத்தம் முழுவதும் அவள் செய்தது. சரளைக்கல், பனி எல்லாவற்றையும் தட்டுகளில் பரப்பி, மரப்படி ஒன்றையும் கொண்டுவந்து வைத்து, மைக்குக்கு முன்னால் தன் காலாலேயே நடந்து பதிவு செய்தாள். மழை என்னுடையது.

அந்த மழைக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. துறைமுகப் பக்கம் போய், அடுக்கி வைத்த கொண்டெய்னர்களின் மேல் விழும் மழையைப் பிடித்தேன். நகரத்துக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிப்பிக்கும் வளாகத்துத் தகரக் கொட்டகையோரம் நின்று தொப்பலாக நனைந்தேன். தடிமனோடு வீடு திரும்பியபோது அம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு கேட்டார்: "மழைச் சத்தத்துக்கும் சம்பளம் தாறாங்களோ? யன்னலைத் திறந்தால் சும்மா கேக்குதே."

அம்மாவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது விசாரித்தால் "கொம்பியூட்டர்" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார். ஒரு நாளாவது என் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்ததில்லை. உலகத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்த மழையைக் கேட்டு, நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ரஷ்யா போரைத் தொடங்கிய பிறகு அங்கே எதையும் விற்பதில்லை என்று கம்பனி முடிவெடுத்திருந்தது. விற்றாலும் அங்குள்ளவர்களின் வங்கி அட்டைகள் வெளிநாட்டுக் கடைகளில் செல்லாது. ஆகவே பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டார்கள். இங்கே காசு கொடுத்து வாங்கியவர்கள் வாயே திறக்கவில்லை. அங்கே கள்ளமாக விளையாடியவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பக்கத்து மேசைக்காரி அவர்கள் எழுதியதையெல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தபால்காரியின் பை அழகாம். நாய் அழகாம். காலடிச் சத்தத்தைக் கேட்டே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாமாம்.

"மழையைப் பற்றி?" என்று கேட்டேன்.

அவள் தேடிப் பார்த்தாள். ஒரு வரி இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. நான் பிந்தி முடித்ததால், விளையாட்டு வெளியான பிறகு இறக்கிக்கொள்ளும் அப்டேட்டில்தான் மழைச் சத்தம் போனது. அவர்கள் உடைத்தது அதற்கு முந்திய பதிப்பை. அங்கே வானம் கறுக்கும், தண்ணீர் கோடு கோடாக விழும், சத்தம் மட்டும் வராது. வயிற்றெரிச்சலில் அன்றைக்கு நான் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

போதாக்குறைக்கு அவளுடைய அம்மா. ரஷ்யாவில் இருக்கும், ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். அவரும் அந்தக் கள்ளப் பதிப்பைத்தான் விளையாடினார். மத்தியானம் நாங்கள் சாப்பிடும் நேரம் மகளை வீடியோவில் அழைப்பார். எந்தக் கதவு திறக்கவில்லை, எந்தக் கிழவருக்குக் கடிதம் கொடுக்க மறந்தார் என்று ஒன்றும் விடாமல் சொல்லுவார். மகள் செய்ததைத் திருடியாவது விளையாடும் ஒரு தாய்! எனக்குச் சோறு இறங்காது. அந்த முகம் திரையில் வந்தாலே எழுந்து மைக்ரோவேவ் பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். அப்டேட்டையும் உடைத்துவிட்டார்களாம். "இனி அங்கேயும் உன் மழை பெய்யும்," என்றாள்.

அடுத்த முறை அவளுடைய அம்மா அழைத்தபோது நான் எழுந்து போகவில்லை. சாப்பிடுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு அந்தக் கிழவியின் வாயையே பார்த்தேன். அவர் எதையோ நீளமாகச் சொன்னார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பிக்கொண்டாள்.

அழைப்பு முடிந்ததும் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் சொன்னாள். விளையாட்டில் மழை, காற்று என்று சுற்றுப்புறச் சத்தத்தை அவளுடைய அம்மா முழுவதும் நிறுத்திவிட்டாராம். மழை பெய்தால் மகளின் காலடி கேட்கவில்லையாம்.

"அது உன் காலடி இல்லை. தபால்காரியின் காலடி," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அம்மாவிடம் அது பலிக்காது. நான் வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பேன், சின்னதில் உடைந்த கால். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்." கடிதங்களெல்லாம் கொடுத்து முடித்த பிறகும் அவர் விளையாட்டை மூடுவதில்லையாம். தபால்காரியை மரப்படியில் ஏற்றி இறக்கிக் கேட்டுக்கொண்டிருப்பாராம். போர் தொடங்கியதிலிருந்து இவள் ஊருக்குப் போகவில்லை. தாய்க்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை.

நியாயமாக நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், கொஞ்சம். மிச்சமெல்லாம் பொறாமைதான். என் மழையை யாரோ வேண்டாம் என்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு காலை இழுத்து வைப்பதைக் கேட்டே இன்னார் என்று சொல்ல அவளுக்கு ஓர் ஆள் இருக்கிறாரே என்றுதான் பொறுக்க முடியவில்லை.

அன்று வேலை முடிந்து மெட்ரோவிலிருந்து வெளியே வந்தபோது நல்ல மழை. நனைந்துகொண்டே நடந்து, இரும்புப் படியில் ஏறி, கதவைத் திறந்தேன். சப்பாத்தைக் கழற்றாமல் நடையில் இரண்டு அடி வைத்தேன். குசினிக்குள் குழாய்த் தண்ணீர் நின்றது.

"ஆரது?" என்றார் அம்மா.

அந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். வேறு யாரிடமும் கதவுத் திறப்புக் கிடையாது. இன்னும் இரண்டு அடி வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் அழுத்தமாக.

"ஆரெண்டு கேக்கிறனெல்லே? வாய் இல்லையோ?"

"நான்தான், அம்மா," என்றேன்.