சாக்குத் தைக்க அடித்துக்கொண்டவர்கள்

நல்லமிளகும் சுக்கும் கலந்த தூசி... ஆரியசாலைக் கடைத்தெருவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க அதில் தும்மிக்கொண்டே இருந்தேன். குளித்த பிறகும் தலைமுடியில் அந்தக் காரம் இருக்கும். இப்போதும் எந்த வீட்டிலாவது மிளகு வறுத்தால் எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வருகிறது.

யுத்த காலம். மலைச்சரக்கு மொத்த வியாபாரக் கடை. முதலாளி திருநெல்வேலிக்காரர். வாசலை ஒட்டி வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் காலை முதல் விளக்கு வைக்கும் வரை சாய்ந்திருப்பார். அவர் இருக்கும்வரை வேறு யாரும், கணக்குப்பிள்ளைகூட, உட்காரக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். சரக்கு வராத மத்தியானங்களில்கூட, செய்ய ஒரு வேலையும் இல்லாமல், சுவரில் சாயாமல் நின்றுகொண்டிருப்போம்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் விலக்கு. கிழிந்த சாக்குக்கு ஒட்டுப்போடுவது.

யுத்தத்தில் புதுச் சாக்கு கிடைக்காது. பழசையே தைத்துத் தைத்து ஓட்ட வேண்டும். தரையில் உட்கார்ந்து சாக்கை மடியில் போட்டால்தான் ஊசி ஓடும். அதனால் காலையில் கடை திறந்ததும் அந்த ஊசிக்கு நடக்கும் அடிபிடி இருக்கிறதே... சாக்குக் குவியலுக்கு நாங்கள் வைத்த பெயர் சிம்மாசனம்.

"இன்னைக்கு ராஜா நானாக்கும். பிரஜைகள் எல்லாம் மாறி நில்லுங்கோ" என்பான் கிருஷ்ணன்குட்டி. எங்களோடு மூட்டை தூக்கிய நெய்யாற்றின்கரைக்காரன்.

முதலாளி இதைப் பார்த்துப் பூரித்துப்போவார். கொல்லத்திலிருந்து வரும் வியாபாரிகளிடம் சொல்வார்: "பாத்தீரா ஓய்... நம்ம கடைப் பயலுவளுக்கு வேலைன்னா உயிரு. கிழிஞ்ச சாக்குக்கு அடிச்சுக்கிடுதானுவ!"

அந்த வியாபாரிகளும் தலையை ஆட்டுவார்கள்.

எங்களில் மூத்தவர் பொன்னையா அண்ணாச்சி. தக்கலைப் பக்கத்துக்காரர். வருஷக்கணக்காக நின்று நின்று இடது காலில் நரம்பெல்லாம் சுருண்டு, கணுக்காலில் ஆறாத புண். அதைத் துணியால் சுற்றி, வேட்டியை இறக்கிவிட்டு மறைத்திருப்பார். மூட்டை தூக்கும்போதுகூட மடித்துக் கட்ட மாட்டார். முன்பு இருமல் வந்த ஒருவரை, "வீட்ல போய் நல்லா ஓய்வெடுடே" என்று முதலாளி அனுப்பிவைத்ததை அண்ணாச்சி பார்த்திருக்கிறார். அந்த ஓய்வு முடியவே இல்லை.

முதலாளிக்கோ அந்த இறக்கிவிட்ட வேட்டி, தனக்குக் காட்டும் மரியாதை. "பொன்னையாவைப் பாத்துப் படிங்கலே. என் முன்னால ஒரு நாளாவது வேட்டியைத் தூக்கிக் கட்டியிருக்கானா?"

ஒரு நாள் அந்தத் துணி அவிழ்ந்து, நாங்கள் புண்ணைப் பார்த்துவிட்டோம். மறுநாள் கிருஷ்ணன்குட்டி ஊசியை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தான். "ராஜ்யம் இனி நிங்களுக்கு." அதோடு அடிபிடி நின்றுபோயிற்று. சில மாதம் அண்ணாச்சி உட்கார்ந்து தைத்தார். புண்ணும் கொஞ்சம் காய ஆரம்பித்தது. மெதுவாகப் பாட்டு முணுமுணுப்பார்... அவருக்குப் பாட்டு வரும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சரஸ்வதி பூஜை கழிந்த மறுநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டார். ஒரு புது வேட்டியைக் கொடுத்தார்.

"மரியாதை தெரிஞ்சவன் நீ. உனக்கு எதுக்குடே இந்தக் கிழிசல் வேலை? இன்னையிலேருந்து தராசுப் பக்கம் நீதான் நிக்கணும்."

பதவி உயர்வு! கடையில் அதற்குமேல் பதவி இல்லை. அண்ணாச்சி வேட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சந்தோஷம் மொதலாளி" என்றார்.

பெரிய தராசு. நாள் முழுக்க நிற்க வேண்டும். பத்து நாள் தாண்டவில்லை, அந்தப் புது வேட்டியின் ஓரத்தில் மஞ்சளாகக் கறை. முதலாளி அது சரக்குக் கறை என்று நினைத்திருப்பார். மஞ்சள் மூட்டையும் இருந்ததே கடையில்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் பின்கட்டிலிருந்து மரப்பெட்டி ஒன்றை இழுத்துவந்து தராசுக்குப் பக்கத்தில் போட்டேன். "உட்காருங்க அண்ணாச்சி."

கடையே அசையாமல் நின்றது.

"என்னடே அது?" என்றார் முதலாளி, மெத்தையிலிருந்து.

"அவருக்கு நிக்க முடியல மொதலாளி."

அண்ணாச்சி வேட்டியை இன்னும் இறக்கிவிட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. பய வெளையாடுதான்" என்றார். சொல்லிவிட்டு, அந்தக் காலாலேயே பெட்டியைத் தள்ளிவிட்டார். வலி அவர் உதட்டில் தெரிந்தது. என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "மூணு பொண்ணுலே எனக்கு. போயிரு" என்றார்.

போனேன். போகச் சொன்னது முதலாளியும்தான். "இவனுக்கு வேலையில பிரியம் இல்ல" என்று அவர் கணக்குப்பிள்ளையிடம் சொன்னது தெருவரைக்கும் கேட்டது.

இப்போது எனக்கு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. பிடித்த வேலையா? இல்லை. கட்டுக்கட்டாக ஃபைல், மாடிப்படி முழுக்கப் பீடிப் புகை. கிருஷ்ணன்குட்டி மாதிரி ஒருத்தன்கூட அங்கே இல்லை. சில சாயங்காலம் அந்தக் கடைச் சிரிப்புக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது. தொழிலாளிக்குத் தொழிலில் ஈடுபாடு குறைந்துவிட்டது என்று இப்போது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள்.

போன மாதம் ஆரியசாலைக் கடைத்தெருவில் அண்ணாச்சியைப் பார்த்தேன். கம்பு ஊன்றி நடக்கிறார். இன்னும் அதே கடை, அதே தராசு. என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆபீஸைப் பற்றி விசாரித்தார்.

"ஆபீஸர் வந்தா எந்திரிச்சு நிக்கணும், இல்லியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அவர் போனதும்?"

"உக்காந்துக்கிடலாம்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

கம்பை மறு கைக்கு மாற்றி ஊன்றிக்கொண்டார்.

"அப்ப நல்ல வேலைதாண்டே" என்றார்.