பேத்தியின் நிறம்

ஜலகண்டாபுரத்தில் எங்கள் கடைச் சேலைகளைப் படம்பிடித்து இணையத்தில் போடுவது, பணி ஓய்வுக்குப் பிறகு என் வேலை. அரக்கு நிறத்தைக் கேமரா ரோஜா நிறமாகக் காட்டியதால் சேலைகள் திரும்பி வந்தன. அதனால் இருபத்து நான்கு நிறக் கட்டங்கள் உள்ள அட்டையைப் படமெடுத்து, அதை வைத்துக் கணினியில் என் கேமராவுக்கென்று நிறத் திருத்தக் கோப்பு ஒன்றை உருவாக்கினேன். அதன்பின் படத்திலும் கையிலும் ஒரே நிறம்.

மாப்பிள்ளை வீட்டார் பேத்தியின் படம் கேட்டபோதும் அப்படித்தான் எடுத்தேன். அவளுடைய மாநிறம் அப்படியே வந்தது.

“கொஞ்சம் வெளுப்பாக்குங்க மாமா. நல்ல எடம், கைநழுவிப் போயிருமுங்க,” என்றாள் மருமகள்.

எனக்கும் அதே பயம்தான். திருத்தக் கோப்பை நீக்கிவிட்டு முகத்தை வெளுக்க வைத்தேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேத்தி கேட்டாள்: “சேலை திரும்பி வரக்கூடாதுன்னு இத்தனை பாடுபட்டீங்களே அப்பாரு, நான் திரும்பி வந்தாப் பரவாயில்லீங்களா?”

வெளுத்த படத்தை அழித்தேன். உள்ளபடி வந்த படத்தையே அனுப்பினேன்.

பதில் இன்னும் வரவில்லை. நிமிடத்துக்கொரு தரம் செல்பேசியை எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தரமும் அனுப்பிய படத்தில் பேத்தியின் முகம்தான் முதலில் தெரிகிறது. வேறு படம் அனுப்பியிருக்கலாமோ என்று மட்டும் ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.