ஒன்பதாவது படத்தில் நின்ற இசை

ஜின், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கற்பிட்டியில் பதினாறு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சத்தம் வரவில்லையா, ஒன்று வயர், இல்லாவிட்டால் செட்டிங், மூன்றாவது காரணம் கிடையாது என்று எல்லாரிடமும் சொல்லிவந்தவன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை.

அன்று சனிக்கிழமை. மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கடையைத் திறந்ததும் மெர்லின் என்ற பெண் தன் தாயோடு வந்தார். மெர்லினின் தம்பி சேவியர் நான்கு மாதத்துக்கு முன் உச்சமுனைப் பக்கமிருந்து கடலுக்குப் போனவர். படகு கவிழ்ந்து கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குக் கோயிலில் அவருக்கு நினைவுத் திருப்பலி, அது முடிந்ததும் மண்டபத்தில் அவருடைய முப்பது படங்களை இசையோடு காட்ட வேண்டும். படங்களை நான் முதல் நாளே அடுக்கி வைத்திருந்தேன், சரிபார்த்துக் கொடுப்பதுதான் பாக்கி.

தாய் வெளியே கதிரையில் இருந்தபோது மெர்லின் மெதுவாகச் சொன்னார். “அம்மா இன்னும் தம்பிக்குச் சோறு எடுத்து வைக்கிறா நானா. இண்டையோட அவவுக்கு விளங்கணும்.”

ஓட்டிப் பார்த்தேன். எட்டுப் படம்வரை இசை ஒழுங்காகப் போனது. ஒன்பதாவது படம் வந்ததும் நின்றுவிட்டது. சேவியர் படகில் கைவைத்து நிற்கும் படம் அது. கீழே பிறந்த திகதி, இறந்த திகதி இரண்டும் எழுதியிருந்தேன்.

எல்லாப் படங்களுக்கும் இசை தொடர வேண்டும் என்ற செட்டிங் சரியாகத்தான் இருந்தது. பாட்டை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன், வேறு ஃபோர்மட்டுக்கு மாற்றினேன், நின்றது. படத்தை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுபோனேன், அங்கே நின்றது. மற்ற லப்டொப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன், அந்தப் படத்துக்கு வந்ததும் அங்கேயும் நின்றது. பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள், ஐந்து மணிக்கு அதிக நேரமில்லை.

அந்த அம்மா எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. என் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ரெண்டாவது திகதிய எடுத்துட்டுப் போடுங்க தம்பி.”

எழுத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதை விளங்கப்படுத்த வாயெடுத்தவன், வயதான மனுஷியின் மனதை நோகடிப்பானேன் என்று அழித்தேன். இசை அந்தப் படத்தைத் தாண்டிப் போனது. நம்பாமல் திகதியைத் திரும்ப எழுதினேன், நின்றது. அழித்தேன், போனது. மெர்லின் என்னையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை. திரையில் மிஞ்சியிருந்த பிறந்த திகதியையே பார்த்தார்.

“அப்பிடியே இருக்கட்டும் நானா,” என்றார்.

பிறகு இருவரும் ஃபாதரிடம் போய் என்ன சொன்னார்களோ, இறந்த சேவியர் என்று சொல்லாமல், கடலில் இருக்கிற சேவியருக்காக மன்றாடுவோம் என்றுதான் அவர் திருப்பலியில் சொன்னாராம். மண்டபத்தில் லப்டொப்பை நானே இயக்கினேன். முப்பது படமும் தடையில்லாமல் ஓடின. அந்த அம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார், அழவில்லை.

சேவியர் இன்றுவரை வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தபோதுதான் கவனித்தேன். முப்பது படமும் ஓட ஆறு நிமிடம், இசையோ மூன்றே முக்கால் நிமிடம். இருந்த பதற்றத்தில், முடிந்ததும் திரும்ப ஓடும்படி வைக்க மறந்திருக்கிறேன். அப்படி வைத்திருந்தாலும் அந்த இசை மூன்று தடவை மணி அடித்துத்தான் மறுபடி தொடங்கும். மண்டபத்தில் அந்த மணியை நாங்கள் தொடக்கத்தில் மட்டும்தான் கேட்டோம். கடைசிப் படம் மறையும்வரை இசை ஓயவேயில்லை. மிச்ச இரண்டேகால் நிமிடமும் ஓடியது எந்த இசை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.