சுவரில் மாட்டிய வீடு

போன புதன்கிழமையிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரி. என் தோழி சுமதி ஒரு வருடமாக அங்கே சமூகப்பணித் துறையில் ஆசிரியை. முதலாண்டுப் பிள்ளைகள் முதன்முறையாகக் களப்பணிக்குக் கிளம்புகிறார்கள் — வீடு வீடாகப் போய், கஷ்டங்களைக் கேட்டு, முடிந்த உதவிக்கு வழிசெய்கிற பயிற்சி. இப்படிப்பட்ட பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை என்பதால், பிள்ளைகளைத் தயார் செய்ய என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

வழக்கமாக ஒரு மாணவியையே கிராமத்துப் பெண்ணாக நடிக்க வைத்துக் கேள்வி கேட்கப் பழக்குவோம். நாடகம் மாதிரி இருக்கும். நிஜமாகவே ஒருவரை அழைத்து வரலாமே என்று நான்தான் சொன்னேன். முன்பு இந்தக் கல்லூரி முகாம் போட்ட வத்தல்மலைக் கிராமத்திலிருந்து மல்லிகா என்கிற அம்மா வர ஒப்புக்கொண்டார்.

நான் சீக்கிரமே போய்விட்டேன். ஹாலின் பின்சுவரில் பழைய முகாம்களின் சார்ட்டுகள். ஒன்றைப் பார்த்து அசந்துபோனேன். முத்து முத்தான கையெழுத்து, வீட்டின் போட்டோ, ஒரு குடும்பத்தின் கதை முழுசாக... பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இதை முன்னால் மாட்டு, பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றேன். சுமதியும் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

மல்லிகா வந்தார். எதிரே திவ்யா என்ற மாணவி உட்கார்ந்து, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன பயிர் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் போனது. திடீரென்று மல்லிகாவின் பதில்கள் குறைந்தன. அவர் பார்வை திவ்யாவைத் தாண்டிச் சுவரில் நின்றது.

"பாப்பா, அது எங்க வூடுதான?"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. என்ன எழுதியிருக்குன்னு படி."

திவ்யா என்னைப் பார்த்தாள். நான்தான் காலையிலேயே படித்திருந்தேனே. பதினேழு வயதில் ஒருவனை நம்பி பெங்களூர் போய், மூன்றே மாதத்தில் திரும்பி வந்த மகளின் கதை அது. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போயிருந்தாள் என்றுதான் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது உட்பட, எல்லாம் அதில் இருந்தது.

இரண்டு வரி படித்ததும் திவ்யா நிறுத்திவிட்டாள். மல்லிகா எழுந்துவிட்டார்.

"முகாமுக்கு வந்த பொண்ணு பக்கத்துல உக்காந்து அழுதுச்சு. நம்ம புள்ளை மாதிரின்னு நெனச்சி சொன்னேங்க. இப்ப எம்பொண்ணக் காரிமங்கலத்துல குடுத்திருக்கு. அவ நாத்தனா இந்தக் காலேஜ்லதாங்க படிக்குது."

பெயரை மாற்றினால் போதுமா? வீட்டை மாற்ற முடியுமா? போட்டோவில் வாசலில் அந்த மகள் வேறு நிற்கிறாள்!

சார்ட்டை முன்னால் மாட்டச் சொன்னது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர், வேறு எங்கெல்லாம் இது இருக்கிறது என்று சுமதியிடம் கேட்டார். தேடினோம். நூலகத்தில் ஒரு அறிக்கை, துறை கம்ப்யூட்டரில் ஒன்று, கல்லூரி இணையதளத்தில் போட்டோவோடு ஒன்று. மூன்றையும் மதியத்துக்குள் எடுக்க வைத்தாள் சுமதி. சார்ட்டை மல்லிகா தன் கையாலேயே நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றதற்கு வேண்டாமென்று தலையாட்டினார்.

நேற்று சுமதி போன் செய்தாள். மல்லிகாவிடம் பேசினாளாம். சம்பந்தி வீட்டில் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

'இதுவரை' — அந்த ஒரு சொல்லை என்னால் தாண்ட முடியவில்லை. பிள்ளைகள் அழுது எழுதுகிறார்கள், நாம் மார்க் போடுகிறோம், சுவரில் மாட்டுகிறோம். சொன்னவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

இருபது வருடமாக, அடுத்தவரை மனம் திறந்து பேச வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்து வருகிறேன். கேட்டதை மனதுக்குள் பூட்டி வைப்பது எப்படி என்று ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை.