மூணு மூஞ்சிக் காகிதம்

பட்டாளத்துக்கு ரோடு போட அஸ்ஸாம் பக்கம் போன அரியமுத்து, சண்டை ஓய்ந்த வருஷம் அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினான். பாறை விழுந்து நசுங்கிய வலது கை. விரல்கள் மடங்கவில்லை. மண்வெட்டி பிடிக்க வழியில்லாமல் கல்லங்குறிச்சிக்கு நடந்தே வந்து சேர்ந்தான்.

அவன் கிளம்பும்போது வயிற்றிலிருந்த மகள் மலர்கொடி இப்போது ஓடியாடுகிற பிள்ளை. அவனைக் கண்டதும் தாய் ஆண்டாயியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

"அந்த ஆளு எப்பம்மா போவாரு?"

ஆண்டாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. "போவ மாட்டாரு. இது அவரு வூடு" என்றாள்.

சோறு போட்டதும் அரியமுத்து, இடது கையால் சாப்பிடுவதை இருவரும் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

பட்டாள ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த தெலுங்குக்காரன், விரலுக்குப் பழக்கமாகட்டும் என்று ஒரு காகித வித்தை காட்டிக்கொடுத்திருந்தான். மறுநாள் அரியமுத்து ஒரு சினிமா நோட்டீஸை நீளமாகக் கிழித்து, முக்கோணம் முக்கோணமாக மடித்து, நுனிகளைக் கஞ்சிப் பசையால் ஒட்டினான். ஆறு மூலை வில்லையாக வந்தது. மேலே மஞ்சள் பூசினான், அடியில் கரி. உள்ளே ஒளிந்திருந்த மூன்றாவது முகத்தைப் பிரித்தெடுத்துச் செம்மண் தடவினான். விரலெல்லாம் விண்விண்ணென்று வலித்தது.

காய்ந்ததும் மூலைகளைக் கூட்டிப் பிடித்து நடுவில் விரித்தான். மஞ்சள் மறைந்து சிவப்பு மலர்ந்தது. கதவோரம் நின்ற மலர்கொடி மெல்லக் கிட்டே வந்தாள்.

"மஞ்சா எங்க போச்சு?"

"உள்ள தூங்குது. எழுப்பிப் பாரு."

அவள் இழுத்த வேகத்தில் அது கிழிந்தது. பிள்ளை பயந்து போனாள்.

"கிழிஞ்சா என்ன, இன்னொண்ணு பண்ணுவோம்" என்றான்.

அதுவும் கிழிந்தது. அவள் கிழிக்கக் கிழிக்க அவன் மடித்தான். தை அறுப்பு வருவதற்குள் வலது கையாலேயே சோற்றைப் பிசைந்து உண்டான். ஒருநாள் அவன் வேலிக்குப் படல் கட்டிக்கொண்டிருந்தபோது, மலர்கொடி தெருப்பிள்ளைகளிடம், "எங்கப்பா செஞ்சது, தொடாதீங்க" என்று அதட்டுவது கேட்டது. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

ஊர்ப் பெருமாள் கோயில் ராமநவமித் திருவிழாவுக்கு இந்த வில்லைகளை விற்கக் கொண்டுபோகலாம் என்றது ஆண்டாயிதான். ஒரு கூடை நிறைய வில்லைகளோடு, ஊருக்கு வெளியே வண்டிகள் அவிழ்த்துவிட்ட புளியந்தோப்பில் கடை பரப்பினார்கள். வெகுநேரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அரியமுத்து கூடையை மூடப் போனான். ஆண்டாயி அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வாங்கம்மா, இங்க பாருங்க. கண்ணுக்குத் தெரியறது ரெண்டு மூஞ்சி, உள்ள இருக்கறது ஒண்ணு" என்று விரித்துக் காட்டினாள். ஒரு வண்டிக்காரர் சம்சாரம் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அவள் குழந்தை அதைத் திருப்பித் திருப்பிக் காட்டியதில் மற்ற வண்டிகளிலிருந்தும் ஆள் வந்தது. பொழுது சாய்வதற்குள் கூடை காலி.

மலர்கொடி அப்பன் தோளில் தூங்கிவிட்டாள்.

"அடுத்தாப்ல ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருநாளு வருது" என்றாள் ஆண்டாயி.

"போவோம். இந்தத் தடவ அவுரி நீலமும் பூசணும்" என்றான் அரியமுத்து.