சரோஜாவின் கணவருக்கு நான் கொடுத்த மருந்து

முதல் அறிகுறி டெல்லி மந்திர் மார்க்கில் தெரிந்தது. அலுவலகம் முடிந்து கரோல் பாக் வீட்டுக்கு வர வேண்டிய என் கணவர், முன்பு குடியிருந்த அரசுக் குடியிருப்புக்குப் போய், "சரோஜா, கதவைத் திற, ஜல்தி" என்று தட்டியிருக்கிறார். இப்போது அங்கே குடியிருக்கும் அலுவலக நண்பர்தான் அவரைக் கொண்டுவந்து விட்டார்.

சரோஜா அவருடைய முதல் மனைவி. இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் லலிதா, இரண்டாவதாக வந்தவள்.

போதையில் உளறுகிறார் என்று நினைத்தேன். காலையில் தெளிந்த பிறகும் என்னை சரோஜா என்றே கூப்பிட்டார். நடை தள்ளாடியது.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா பார்த்தார். "குடியால உடம்புல தயமின்ங்கிற பி-1 வைட்டமின் வத்திப்போச்சும்மா. ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற இடம் அடிபட்டிருக்கு. ரொம்பப் பழசு நிக்கும். கடைசியா நடந்ததுதான் முதல்ல அழியும்."

கடைசியாக வந்தவள் நான்.

சரோஜா போன பிறகுதான் அவர் குடிக்க ஆரம்பித்தார். குடிக்காத மனிதர் அவளுக்கு. வாந்தியும் வசவும் எனக்கு. கட்டிலில் படுத்தபடி, "சரோஜா, நீ சாப்டியா?" என்று அவர் கேட்டபோது என் வயிறு எரிந்தது. அவ்வளவு இதமாக என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் தயமின் ஊசி போட்டுவந்தார்கள். யாரோ சொல்லி ஒரு வைத்தியரிடமும் போனேன். பிராமி நெய்யும் (நீர்ப்பிரமி மூலிகை சேர்த்துக் காய்ச்சியது) ஒரு புட்டி அரிஷ்டமும் கொடுத்தார். டாக்டரம்மா புட்டியை முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"நெய் வேணா கொடுங்க. அரிஷ்டம் புளிக்க வெச்சுச் செய்யறது, அதுலயும் ஆல்கஹால் இருக்கு. ஒரு சொட்டு ஆகாது. ஊசியை மட்டும் நிறுத்திடாதீங்க."

மூளைக்கு வலுவூட்டும் என்று அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்றையும் எழுதினார். பலன் நிச்சயமில்லை என்றும் சொன்னார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மருந்து என்று வரும் எந்தப் புட்டியையும் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

நெய்யை ஊட்டும்போது அவர் குணமாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அவள் செத்துப்போனது அவருக்குத் தெரிய வேண்டும் என்றே வேண்டினேன்.

குளிர்காலத்தில் ஒரு நாள், மொட்டைமாடி வெயிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர், "லலிதா" என்றார். திடுக்கிட்டுப் பார்த்தேன்.

"சரோஜா செத்துட்டா இல்ல?"

"ஆமாங்க."

அப்போதுதான் செய்தி வந்ததுபோல அழுதார். நான் ஜெயித்திருந்தேன். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஊசியா, நெய்யா, மாத்திரையா, குடியை விட்டதா, எது உதவியது என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. எல்லாம் திரும்பவும் இல்லை. எங்கள் கல்யாணம் இன்றுவரை அவருக்கு ஞாபகம் வரவில்லை. கேட்பார், சொல்வேன்.

"நான் சிரிச்சேனா?"

"இல்லீங்க."

"உன்னைப் பாத்துமா சிரிக்கல?" என்று வருத்தப்படுவார். மறுநாள் திரும்பவும் கேட்பார்.

என் முன்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, அவர் குடித்த நாட்களில் பட்டது. அதைத் தடவி, "யாரு பண்ணினா?" என்கிறார். அடுப்பு சுட்டது என்கிறேன். அந்த வருடங்கள் இப்போது என் உடம்பில் மட்டும்தான் இருக்கின்றன. அவருக்கு நான் போன மாதம் வந்த புதுப்பெண். அந்தப் புதுப்பெண்ணைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.